பெயர்களின் நகரம்

நுழையும்முன்

சென்ற இடத்தில் தன் பெயரைப் பொறித்துவிட்டு வரும் வழக்கம் மனிதனுக்குப் பழைமையானது. பாறையிலும் மரத்திலும் கோட்டைச் சுவரிலும் பயணிகள் தம் பெயரை எழுதியிருக்கின்றனர். பிறர் பெயர்களை நின்று வாசிக்கக் கற்றுத்தரும் நகரங்களும் உலகில் உள்ளன. அத்தகைய நகரம் ஒன்றில் ஒரு பயணி கழித்த ஒரு நாளைச் சொல்கிறது இக்கட்டுரை.

ஐரோப்பாவின் நடுவே, வல்டாவா ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது பிராக் நகரம். செக் நாட்டின் தலைநகரமான இதனை நூறு கோபுரங்களின் நகரம் என்று அழைப்பர். கோபுரங்களை எண்ணிப் பார்த்தவர்கள் அந்த எண்ணிக்கை மிகவும் குறைவு என்பர். ஒரு கரையில் குன்றின்மேல் கோட்டையும் அதனுள் புனித விட்டஸ் பேராலயமும் உயர்ந்து நிற்கின்றன. மறுகரையில் பழைய நகரத்தின் குறுந்தெருக்கள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய நகரங்கள் பல இடிபாட்டுக் குவியல்களாயின. பிராக் சில இழப்புகளோடு பெருமளவு தப்பியது. அதனால் அறுநூறு, எழுநூறு ஆண்டுப் பழைமையுடைய கட்டடங்களை இன்றும் அவை எழுந்த இடத்திலேயே காண முடிகிறது. 1992ஆம் ஆண்டு நகரின் வரலாற்று மையப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்நகரைக் கண்டு திரும்பியவர்களிடம், 'அங்கு உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?' என்று கேட்டால் ஒரே விடை கிடைப்பதில்லை. ஒருவர் பாலம் என்பார். மற்றொருவர் கடிகாரம் என்பார். பெட்ரின் குன்றிலிருந்து கண்ட செந்நிற ஓட்டுக் கூரைகளைச் சிலர் சொல்வர். இன்னும் சிலர் விடை சொல்லுமுன் சற்றுநேரம் மௌனமாக இருப்பர். அம்மௌனத்திற்கும் ஓர் இடம் உண்டு.

கோடைக்காலக் காலைப்பொழுது ஒன்றில் இந்நகரில் நடக்கத் தொடங்கிய பயணி ஒருவரின் சட்டைப்பையில் சிறிய பித்தளைப் பூட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் அவருடைய பெயரையும் ஆண்டையும் பொறித்திருந்தார். இந்நகரின் பாலக்கம்பிகளில் பயணிகள் இத்தகைய பூட்டுகளை மாட்டித் திறவுகோலை ஆற்றில் எறிந்துவிட்டுச் செல்வது வழக்கம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். 'நான் இங்கு வந்தேன்' என்று சொல்லும் ஓர் அடையாளம். அவருக்கு அது போதும் என்று தோன்றியிருந்தது.

பாலத்தில் விடிந்த காலை

சார்லஸ் பாலத்தைக் காண ஏற்ற நேரம் வைகறை என்பர். கூட்டம் சேர்வதற்கு முன், ஆற்றின்மேல் எழும் மெல்லிய பனிமூட்டத்தினூடே அதன் சிலைகள் ஒவ்வொன்றாகத் துலங்கும் காட்சிக்காகவே உறக்கத்தைத் துறந்து வருவோர் பலர். பயணியும் அவ்வாறே வந்தார். பாலத்தின் இருமருங்கிலும் முப்பது சிலைகள் நின்றன. காலடியில் உருண்டு தேய்ந்த கற்கள். கீழே ஓசையின்றி ஓடும் ஆறு.

இங்கு முன்பிருந்த கற்பாலத்தை 1342ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. அதன்பின் பேரரசர் நான்காம் சார்லஸ் புதிய பாலத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1357ஆம் ஆண்டு, 9ஆம் நாள், 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடம் என்று அந்நேரத்தைக் குறிப்பிடுவர். அவ்வெண்களை வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும். இந்த எண்வரிசை பாலத்தைக் காக்கும் என்று அக்காலச் சோதிடர் நம்பினராம். சுண்ணச்சாந்தில் கலப்பதற்காக நாடெங்குமிருந்து முட்டைகள் வந்தன என்றும், ஓர் ஊரார் மட்டும் வழியில் உடைந்துவிடுமோ என்று அஞ்சி அவற்றை அவித்து அனுப்பினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஏறத்தாழ 516 மீட்டர் நீளமுடைய இப்பாலம் பதினாறு வளைவுகளின்மேல் நிற்கிறது. 1890ஆம் ஆண்டு வெள்ளத்தில் சில வளைவுகள் இடிந்தன, மீண்டும் கட்டினர். பேரரசர் கட்டிய பாலமாயினும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கற்பாலம் என்றே மக்கள் அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சார்லஸின் பெயர் அதற்கு வந்து சேர்ந்தது.

சிலைகளுள் ஒன்றின் முன் பயணி நின்றார். 1683ஆம் ஆண்டு நிறுவிய நெபோமுக் யான் என்னும் பாதிரியாரின் வெண்கலச் சிலை அது. 1393இல் அரசன் ஆணையால் அவரைக் கட்டி இவ்வாற்றில் எறிந்தனர். அரசி தம்மிடம் சொன்ன மறைபொருளை அரசனுக்கு வெளிப்படுத்த மறுத்ததே காரணம் என்று செவிவழிக் கதை கூறும். சிலையின் பீடத்திலுள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் மீண்டும் இந்நகருக்கு வரும் பேறு கிட்டும் என்பது பயணியரின் நம்பிக்கை. எத்தனையோ கைகள் பட்டுப்பட்டு அவ்விடம் மட்டும் பொன்போல் மின்னுகிறது. பயணியும் தொட்டார். அவருக்கு முன் தொட்டவர்களின் பெயர் எதுவும் அங்கு இல்லை. அவர்களின் விரல்கள் விட்டுச்சென்ற ஒளி மட்டும் இருந்தது.

கடிகாரத்தின் முன் கூடுவோர்

பழைய நகரச் சதுக்கத்தில் மணி முழுமையாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே கூட்டம் திரண்டுவிடும். அனைவரின் கண்களும் நகர மன்றக் கோபுரத்தின் சுவரிலுள்ள வானியல் கடிகாரத்தை நோக்கியிருக்கும். 1410ஆம் ஆண்டில் அமைத்த இக்கடிகாரம் நேரத்தை மட்டும் காட்டுவதன்று. கதிரவனும் திங்களும் வானில் நிற்கும் நிலையையும், இராசி மண்டலத்தையும், கதிரவன் மறையும் பொழுதிலிருந்து இருபத்து நான்கு மணியை எண்ணிய பழைய செக் நேரக்கணக்கையும் அது ஒருங்கே காட்டுகிறது.

மணி முழுமையானதும் ஓர் எலும்புக்கூட்டு உருவம் கயிற்றை இழுத்து மணி அடிக்கிறது. மேலே இரு சாளரங்கள் திறக்க, இயேசுவின் சீடர் பன்னிருவர் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றி மறைகின்றனர். கண்ணாடியில் தன் அழகை நோக்கும் தற்பெருமையாளனும் பணப்பையைப் பற்றிய கருமியும் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று மறுப்பவர்போலத் தலையசைக்கின்றனர். இறுதியில் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்திற்குள் அனைத்தும் முடிந்துவிடும். 'இவ்வளவுதானா?' என்று சிலர் கலைந்து செல்வர். குழந்தைகள் மட்டும் அடுத்த மணிக்காகக் காத்திருக்க விரும்புவர்.

இக்கடிகாரத்தை அமைத்தவர் அனுஷ் என்னும் கலைஞர் என்று நெடுங்காலம் நம்பினர். இதுபோல் மற்றொன்றை எங்கும் செய்துவிடாதவாறு ஆட்சியாளர் அவர் கண்களைப் பறித்தனர் என்று கதையும் வளர்ந்தது. உண்மை வேறு. கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்னும் கடிகாரத் தச்சரே இதனைச் செய்தார் என்பதைப் பழைய ஆவணம் ஒன்று காட்டியது. வானியல் கணக்கில் அவருக்குத் துணைநின்றவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் யான் ஷின்டெல் என்பர். ஒருவர் செய்த செயல் மற்றொருவர் பெயரில் பல நூற்றாண்டுகள் வழங்கி, பின்னர் உரியவரிடம் திரும்பி வந்திருக்கிறது. 1945ஆம் ஆண்டு மே மாதம், போரின் இறுதி நாள்களில் செருமானியப் படையின் தாக்குதலில் இக்கடிகாரம் தீப்பற்றியது. மரத்தாலான சீடர் உருவங்கள் எரிந்தன. புதிய உருவங்களைச் செதுக்கி 1948இல் அதனை மீண்டும் இயக்கினர்.

கூட்டம் கலைந்தபின் பயணி தரையைக் கவனித்தார். கடிகாரத்திற்கு அருகே, நடைபாதைக் கற்களுக்கிடையே வெண்கற்களால் ஆன சிலுவைகள் பதிந்திருந்தன. எண்ணிப் பார்த்தார், இருபத்தேழு. 1621ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று, அப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்தெழுந்த இருபத்தேழு பேரை இச்சதுக்கத்தில் கொன்றனர். அவர்களுள் ஒருவர் யான் எசெனியஸ். பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மருத்துவ அறிஞர். அருகிலுள்ள சுவர்ப்பலகை ஒன்றில் இருபத்தேழு பெயர்களும் உள்ளன. கடிகாரத்தைப் படமெடுக்க வந்தவர்களின் கால்கள் அச்சிலுவைகளின்மேல் அறியாமல் நடந்துகொண்டிருந்தன. சிறிது நேரத்திற்கு முன் பயணியின் கால்களும் அவ்வாறே நடந்திருந்தன.

சுவரில் எழுதிய பெயர்கள்

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் யூதர் வாழ்ந்த பகுதி வருகிறது. அங்குள்ள பழைய கல்லறைத் தோட்டம் காண்போரைத் திகைக்கவைப்பது. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் 1787ஆம் ஆண்டு வரை அதில் இறந்தோரைப் புதைத்தனர். யூதருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. எனவே பழைய கல்லறைகளின்மேல் மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தனர். கீழடுக்கின் கற்களையும் மேலே தூக்கி நட்டனர். இன்று ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கி நிற்கின்றன. வருவோர் அவற்றின்மேல் சிறு கூழாங்கல் ஒன்றை வைத்துச் செல்வர். பூ வாடிவிடும், கல் இருக்கும்.

அத்தோட்டத்தை ஒட்டியே பிங்காஸ் என்னும் பழைய யூத வழிபாட்டுக்கூடம் உள்ளது. உள்ளே நுழைந்த பயணி சுவர்களில் ஏதோ மெல்லிய வண்ண வேலைப்பாடு இருப்பதாக முதலில் எண்ணினார். அருகில் சென்றபோதுதான் அவை எழுத்துகள் என்று தெரிந்தது. அடியிலிருந்து உயரம் வரை, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைவரை, சுவர் முழுவதும் கையால் எழுதிய பெயர்கள். நாசிகளின் ஆட்சியில் பொகிமியா, மொராவியா நிலப்பகுதிகளில் கொல்லப்பட்ட ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் யூதர்களின் பெயர்கள் அவை. பெயர், பிறந்த நாள், உயிரோடு இருந்ததாக இறுதியாகத் தெரிந்த நாள், அவ்வளவே. ஊர் வாரியாகவும் குடும்ப வாரியாகவும் அவை தொடர்ந்தன. ஒரே குடும்பப் பெயரின்கீழ் தாத்தாவும் பேத்தியும் அடுத்தடுத்து இருந்தனர். பிறந்த ஆண்டும் இறுதி ஆண்டும் மிக நெருங்கியிருந்த பெயர்களும் இருந்தன.

இப்பெயர்களை 1950களில் ஓவியர்கள் இருவர் எழுதி முடித்தனர். 1968இல் கூடம் மூடப்பட்டது. நிலத்தடி நீர் சுவரில் ஏறி எழுத்துகளை அழித்தது. சீரமைப்பு என்ற பெயரில் ஆண்டுகள் பல கழிந்தன. அன்றைய அரசு இவ்விடத்தை மீண்டும் திறக்க விரைவு காட்டவில்லை. ஆட்சி மாறியபின், 1992 முதல் 1996 வரை, அத்தனை பெயர்களையும் மீண்டும் எழுதினர். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வல்டாவா ஆறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. சுவரின் கீழ்ப்பகுதி எழுத்துகள் மீண்டும் அழிந்தன. அழிந்தவற்றை மூன்றாம் முறையாக எழுதினர்.

மேல்தளத்தில் குழந்தைகளின் ஓவியங்கள் இருந்தன. பிராகிற்கு வடக்கே தெரெசின் என்னும் கோட்டை நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்தனர். அங்கு ஃபிரிடில் டிக்கர்-பிரான்டெய்ஸ் என்னும் ஓவியர் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1944ஆம் ஆண்டு அவரை ஆசுவிட்சு முகாமுக்குக் கொண்டுசென்று கொன்றனர். அதற்குமுன் ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரு பெட்டிகளில் பத்திரப்படுத்தி விட்டுச்சென்றிருந்தார். வரைந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் உயிர்தப்பவில்லை. வீடு, பூ, வண்ணத்துப்பூச்சி, சாப்பாட்டு மேசை. பல தாள்களின் ஓரத்தில் வரைந்தவரின் பெயர் உள்ளது. ஒவ்வொரு குழந்தையையும் தன் ஓவியத்தில் தன் பெயரை எழுதச் செய்தவர் அந்த ஆசிரியர். முகாமில் எண்ணாக மாற்றப்பட்டவர்கள் அந்தத் தாளில் பெயரோடு இருந்தனர்.

பயணி கீழே இறங்கி வந்து மீண்டும் சுவரின் முன் நின்றார். கண்ணுக்கு நேராக இருந்த ஒரு பெயரை மெல்ல வாய்விட்டு வாசித்தார். அயல்மொழிப் பெயர், உச்சரிப்பு சரியாக இருந்திருக்காது. ஆயினும் அப்பெயர் அன்று ஒருமுறை ஒலித்தது. இந்நகரின் கற்கள் போரில் தப்பின என்று மகிழ்ந்து வந்தவருக்கு, அக்கற்களினிடையே வாழ்ந்தவர்கள் தப்பவில்லை என்பது அங்கேதான் விளங்கியது.

சகோதரிகள் மூவர்

பிராக் என்றதும் இலக்கியம் அறிந்தவர் நினைவில் எழும் பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா. 1883இல் பழைய நகரச் சதுக்கத்திற்கு அருகே பிறந்த அவர் 1924இல் மறைந்தார். நகரின் கிழக்குப்பகுதியிலுள்ள புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தில் அவரும் பெற்றோரும் ஒரே கல்லின்கீழ் துயில்கின்றனர். நண்பகலில் பயணி அங்குச் சென்றார். உலகெங்குமிருந்து வரும் வாசகர்கள் கல்லின் அடியில் கூழாங்கற்களோடு எழுதுகோல்களையும் கடிதங்களையும் வைத்துச் செல்கின்றனர்.

பலரும் கவனியாமல் விடும் ஒரு சிறு பலகை அக்கல்லின் கீழ்ப்புறம் இருக்கிறது. எல்லி, வல்லி, ஒட்லா என்னும் காஃப்காவின் மூன்று சகோதரிகளின் நினைவாக வைத்த பலகை அது. மூவரும் நாசிகளின் முகாம்களில் அழிந்தனர். அவர்களுக்குத் தனிக் கல்லறை இல்லை. ஒட்லாவின் முடிவு தனித்துச் சொல்லத்தக்கது. தெரெசினிலிருந்து குழந்தைகள் கூட்டம் ஒன்றை 1943இல் ஆசுவிட்சுக்கு அனுப்பியபோது, அக்குழந்தைகளுக்குத் துணையாகத் தாமே விரும்பி உடன்சென்றார், திரும்பவில்லை. அண்ணனின் பெயரை உலகம் அறியும். பயணி குனிந்து தங்கையரின் பெயர்களையும் வாசித்தார்.

பெயர்ப்பலகை இழந்த தெருக்கள்

பிற்பகலில் அவர் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் நடந்தார். சதுக்கம் என்று பெயர் பெற்றிருப்பினும் அது நீண்டு அகன்ற பெருந்தெரு. இன்று அங்குக் கடைகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 இரவு, சோவியத் ஒன்றியமும் அதன் நட்பு நாடுகளும் அனுப்பிய படைகள் இந்நாட்டிற்குள் நுழைந்தன. மறுநாள் இத்தெருவில் பீரங்கி வண்டிகள் நின்றன. ஆயுதமற்ற மக்கள் அப்போது ஒரு வழி கண்டனர். தெருப் பெயர்ப்பலகைகளைக் கழற்றினர். வீட்டு எண்களை அழித்தனர். பிடிக்க வேண்டியவர்களின் வீட்டைத் தேடி வந்த படையினர் பெயரற்ற தெருக்களில் வழிதெரியாது திரிந்தனர். பெயரைக் காப்பது இந்நகருக்கு ஒருகால் கடமையாக இருந்தது. பெயரை மறைப்பது மற்றொருகால் மனிதரைக் காக்கும் வழியாக இருந்தது.

அப்படையெடுப்பிற்குப் பின் நாட்டை விட்டு வெளியேறிய அறிஞர்களுள் ஒருவர் கமில் சுவெலபில். 1927இல் பிராகில் பிறந்தவர். நான்காம் சார்லஸ் 1348இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அங்கேயே தமிழும் திராவிட மொழியியலும் கற்பித்தவர். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பணியாற்றிய அவர் தமிழ் இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1973இல் வெளிவந்தது. 'முருகனின் முறுவல்' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். தமிழ்ப் புலவர் பலரின் பெயர்களை மேலைநாட்டு வாசகர்கள் இவர் நூல்கள் வழியே அறிந்தனர்.

இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1989 நவம்பரில், இதே சதுக்கத்தில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. தத்தம் வீட்டுத் திறவுகோல்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உயர்த்திக் குலுக்கினர். ஆட்சியாளர் வீடு திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே அவ்வொலியின் பொருள். அவ்வாண்டு முடிவதற்குள், சிறையில் பல ஆண்டுகள் கழித்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஆவெல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். உயிர்ப்பலியின்றி நிகழ்ந்த அம்மாற்றத்தை வெல்வெட் புரட்சி என்று வரலாறு குறிக்கிறது.

பூட்டு

மாலையில் பயணி சிறுகரைப் பகுதிக்கு வந்தார். அங்குள்ள ஒரு சுவர் முழுவதும் வண்ண எழுத்துகள். இசைக்கலைஞர் ஜான் லெனன் 1980இல் கொலையுண்டபின் இளைஞர்கள் அவர் உருவத்தையும் தம் ஏக்கங்களையும் இச்சுவரில் எழுதினர். காவலர் வெள்ளையடித்து அழிப்பர். இளைஞர் மீண்டும் எழுதுவர். அன்று அங்கு எழுதுவதற்குத் துணிவு தேவைப்பட்டது. இன்று பயணியர் தம் பெயரையும் ஊரையும் எழுத வருகின்றனர். பழைய ஏக்கங்களை அவர்களின் பெயர்கள் மூடிக் கொண்டிருந்தன.

அருகிலுள்ள சிற்றோடையின் பாலக்கம்பியில் நூற்றுக்கணக்கான பூட்டுகள் தொங்கின. இளையோர் இருவர் சிரித்தபடி தம் பூட்டை மாட்டித் திறவுகோலை நீரில் எறிந்தனர். அவர்கள் மகிழ்ச்சியில் குற்றம் ஏதும் இல்லை. பயணியும் தம் பூட்டை எடுத்தார். அதிலிருந்த தம் பெயரைப் பார்த்தார். கம்பியில் இன்னும் இடம் இருந்தது. சற்று நின்றவர், பூட்டை மீண்டும் பையில் போட்டுக்கொண்டார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாயிலருகே ஏதோ மின்னியது. நடைபாதைக் கற்களுக்கிடையே, உள்ளங்கையளவு பித்தளைத் தகடு. போரின்போது கொண்டுசெல்லப்பட்டவர் கடைசியாக வாழ்ந்த வீட்டின் முன் பதிக்கும் நினைவுக்கல் அது. 'இங்கு வாழ்ந்தார்' என்று தொடங்கி, கீழே ஒரு பெயர். அதனை வாசிக்க வேண்டுமானால் யாராயினும் தலைகுனிந்தே ஆகவேண்டும். பயணி குனிந்தார், கைக்குட்டையால் தகட்டின்மேலிருந்த தூசியைத் துடைத்தார், பெயரை வாசித்தார்.

ஊர் திரும்பியபின் நண்பர்கள் அவரிடம் கேட்டனர்: "பிராகில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?" பாலமும் கடிகாரமும் கோட்டையும் அவர் கண்முன் வந்தன. அவர் சற்றுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, அச்சுவரில் வாசித்த பெயரைச் சொல்லித் தம் கதையைத் தொடங்கினார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள நினைவுச்சின்னம் ஒன்றில் இடம்பெற்றுள்ள பெயர்களைப் படித்து, அவர்களுள் ஒருவரைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பயணி தம் பூட்டைப் பாலத்தில் மாட்டாமல் திரும்பியது ஏன்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. நீங்கள் சென்ற இடங்களுள் உங்களை மௌனமாக நிற்கவைத்த ஓரிடத்தைப் பற்றிக் கட்டுரை வரைக.